எத்தனை றாத்தல்

மாங்குளம் சந்தியிலை
பதின்மூண்டு வருசமாய்க் காத்து விக்கிறன்.
லொறிக்கு நூறு றாத்தல், லான்ட்மாஸ்ரருக்கு இருபது,
சைக்கிளுக்குப் பெருவிரலாலை அமத்திப் பாத்தால் காணும்.
காத்தைப் பற்றி எனக்கு ஆரும்
புதிசாய்ச் சொல்ல ஏலாது எண்டிருந்தன்,
கடைவாய்ப் பல்லொண்டு
படுத்தபடி முளைக்கும்வரை.

டொக்டர் அபிவர்ணா படிச்சு முடிச்சு
வந்து எட்டு மாசம்.
"நேரை வராது ஐயா,
முரசைக் கீறி, பல்லை ரெண்டாய் வெட்டித்தான் எடுக்கோணும்."
விறைப்பூசி. பிறகு அந்த மெசின்,
நுளம்பின்ரை குரலிலை
என்ரை கொம்பிரஷருக்குக் கடைசித் தங்கச்சி.
கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தன்.
காத்திலை ஓடுற சாமான்
சத்தத்திலையே தெரியும்.

பல்லு வந்திட்டுது.
கன்னமும் கூட வந்தது.
கன்னத்துக்குப் பிறகு இமை,
இமை ஒட்டினாப் பிறகு கழுத்து.
நோ இல்லை. அதுதான் எனக்குப் பயம்:
நோகாமல் வீங்கிறதெண்டால்
எங்கேயோ ரியூப் வயிறு தள்ளுது.

ரெண்டு விரலைக் கழுத்திலை வைச்சு அமத்தினா.
நொறுநொறு எண்டது.
ஆனையிறவிலை உப்புக் குவியலுக்கு மேலை
செருப்போடை ஏறினால் வருமே, அந்தச் சத்தம்,
என்ரை தோலுக்குக் கீழை.

"காத்து" எண்டா.
"தோலுக்குள்ளை காத்துப் போட்டுது.
இதை நான் புத்தகத்திலை மட்டும்தான்..."
வசனம் முடியேல்லை.
விறைச்ச வாயாலை நான் கேட்டன்:
"எத்தனை றாத்தல்?"

அவ சிரிக்கேல்லை.
கிளிநொச்சிக்கு ரெலிபோன் எடுத்தா.

முறிகண்டியிலை எல்லா வாகனமும் நிக்கும்.
நாங்கள் நிக்கேல்லை.
அம்புலன்ஸ்காரன் ஒரு கையை மட்டும்
ஸ்ரியறிங்காலை எடுத்து நெஞ்சிலை வைச்சான்.
நேர்ஸ் சொல்லிக்கொண்டே வந்தா,
மூக்குச் சீறக் கூடாது,
தும்மல் வந்தால் வாயைத் திறவுங்கோ,
எதையும் ஊதக் கூடாது.
ஊதக் கூடாதாம், என்னட்டை.

படத்திலை காத்துக் கறுப்பு.
இரணைமடுத் தண்ணி வாய்க்கால் வாய்க்காலாய்ப் பிரிஞ்சு
வயலுக்கு இறங்கிற மாதிரி
தசைக்குத் தசை வழி கண்டுபிடிச்சு
நெஞ்சுக்கூட்டின்ரை வாசலிலை வந்து நிண்டது.
தோள்மூட்டடியிலை, அரிசியளவு,
வெள்ளையாய் வேறை ஒண்டு.
"இது என்ன?" எண்டான் படம் பிடிச்ச பெடியன்.
"அது பழசு. அதுக்கு நான் வரேல்லை."
அவன் மற்றப் பக்கம் திரும்பிப் படம் எடுத்தான்.

அஞ்சு நாள். மூக்கிலை ஒட்சிசன்
(காத்துக்கு மருந்து காத்து),
கையிலை ஊசி, சுகிர்தமலர் கட்டிலடியிலை.
ஆளில்லா நேரம் பாத்து
அவ என்ரை கழுத்தை அமத்திப் பாப்பா,
பப்படம் உடைக்கிற பிள்ளை மாதிரி,
பிறகு கையைச் சீலையிலை துடைப்பா.

டொக்டர் பிள்ளை பின்னேர பஸ்ஸிலை
ஒவ்வொரு நாளும் வந்தா.
கழுத்து எலும்பிலை பேனையாலை கீறின கோடு
இண்டைக்கு எவ்வளவு கீழை, எவ்வளவு மேலை.
நாலாம் நாள், கோட்டைப் பாத்தபடி சொன்னா:
"அண்டைக்குப் பிறகு
அந்த மெசினை நான் தொடேல்லை."
ஓட்டையிலை ஒரு சாதி இருக்குது,
உள்ளை விடும், வெளியிலை விடாது,
ஆரிலையும் பிழையில்லை எண்டு
சொல்ல வாயெடுத்தன்.
தும்மல் வந்திட்டுது.
வாயைப் பெரிசாய்த் திறந்து தும்மினன்.
அப்பதான் முதல் தரம் சிரிச்சா.

வீட்டை விட்ட அண்டிரவே
கடையைத் திறந்தன்.
பஞ்சர் பாக்கிற தண்ணித் தொட்டிக்குள்ளை
காது மூழ்க முகத்தை வைச்சுக்கொண்டிருந்தன்.
குமிழி ஒண்டும் வரேல்லை.
அவ்வளவு காத்தும் எங்காலை போனது?

"என்ன அண்ணை தேடுறியள்?" எண்டான் கீர்த்திகன்.

வீதியிலை நெல்லு லொறியொண்டு கோண் அடிச்சுது.
முன் சில்லு. தொண்ணூறு.
தாடியாலை தண்ணி சொட்டச் சொட்ட
ஹோசை இழுத்துக்கொண்டு போனன்.